கீசரை நாள் முழுவதும் இயங்க விடுவது சிக்கனமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் வெளிவந்த கடிதம் ஒன்றில், குளியலறை கீசரை அடிக்கடி போட்டு அணைப்பதைவிட நாள் முழுவதும் இயங்க விடுவதே சிக்கனம் என்றும், உள்ளே தெர்மோஸ்டாட் இருப்பதால் தண்ணீர் சூடானதும் மின்சாரம் தானாகவே நின்றுவிடும் என்றும், ஆகவே குறித்த நேரத்தில் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் டைமர் பொருத்துவது வீண் செலவு என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இதே கருத்தை என்னிடம் பயின்ற மாணவர்களிடமும், எங்கள் கோவையில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் தவறான யோசனை என்பதால், இதற்கு விரிவாகவே மறுமொழி எழுத விரும்புகிறேன்.

தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அது நிறுத்திய கணத்திலிருந்து தொட்டியின் சூடு சுவர் வழியாகவும் குழாய் வழியாகவும் வெளியேறத் தொடங்குகிறது. சில டிகிரி குறைந்ததும் தெர்மோஸ்டாட் மறுபடி மின்சாரத்தை விடுகிறது. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகும், நள்ளிரவிலும், யாரும் தொடாத அந்தத் தண்ணீருக்காக இது நடந்துகொண்டே இருக்கிறது. ஆறிப்போன தண்ணீரை மறுபடி சூடாக்கத்தான் அதிக மின்சாரம் பிடிக்கும் என்று அந்த வாசகர் கருதுகிறார். மறுபடி சூடாக்கப் பிடிக்கும் மின்சாரம், இடைப்பட்ட நேரத்தில் வெளியேறிய சூட்டின் அளவே. அதற்குமேல் ஒரு துளியும் இல்லை. வெளியேறும் சூடோ, தண்ணீருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 60 டிகிரியில் பிடித்து வைக்கப்பட்ட தொட்டி 24 மணி நேரமும் ஒரே வேகத்தில் சூட்டை இழக்கிறது. அணைத்து விடப்பட்ட தொட்டி ஆற ஆற, அதன் இழப்பும் குறைந்துகொண்டே போகிறது. எனவே அணைத்து வைத்த தொட்டி எந்த நாளிலும் அதிகம் செலவழிக்க வழியே இல்லை.

எங்கள் பாட்டி இதை எந்தப் பாடமும் படிக்காமலே அறிந்திருந்தார். செம்பு பாய்லரில் விடியற்காலையில் விறகு போட்டு வெந்நீர் வைப்பார். கடைசி ஆள் குளிக்கப் போகும்போதே விறகை வெளியே இழுத்துத் தணித்துவிடுவார். அடுத்த நாள் காலையில் மறுபடி மூட்ட வேண்டியிருக்கிறதே என்பதற்காக அடுப்பை இரவும் பகலும் எரிய விட அவருக்குத் தோன்றியதில்லை. விறகு கண்ணெதிரே கரைவதால் அன்று அது தெரிந்தது. சுவருக்குள் ஓடும் மின்சாரம் கண்ணில் படுவதில்லை.

கடைசி ஆள் குளிக்கும் நேரம் என்று சொன்னேன். டைமரின் முழுப் பயனும் அங்கேதான் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கீசரில் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது, கீழிருந்து குளிர்ந்த நீர் உள்ளே நுழைந்து மேலிருக்கும் வெந்நீரை வெளியே தள்ளுகிறது. கடைசி ஆள் குளித்து முடித்ததும் தொட்டி முழுவதும் புதிய குளிர்ந்த நீர் நிற்கிறது. சுவிட்சு போட்டபடி இருந்தால், அந்தத் தண்ணீர் உடனே மறுபடி சூடாக்கப்படுகிறது. அடுத்த 20 மணி நேரத்திற்கு அதைத் தொடுவார் இல்லை. டைமர் கடைசிக் குளியல் தொடங்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிட்டால், தொட்டியில் எஞ்சிய வெந்நீர் குளியலுக்குப் போய், குளிர்ந்த நீரே உள்ளே தங்கும். குளிர்ந்த நீரிடம் இழப்பதற்குச் சூடு இல்லை.

எண்ணிக்கையில் பார்ப்போம். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 15 லிட்டர் தொட்டியும் 2,000 வாட் எலிமெண்டும் கொண்ட கீசர். 25 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட் மின்சாரம் போதும். 18 நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த 15 லிட்டரோடு குழாய்த் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரிச் சூட்டில் 35 லிட்டர் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய இரண்டு வாளி. நால்வர் உள்ள குடும்பம் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால், தொட்டி இரண்டு முறை சூடாக வேண்டும். மொத்தம் ஒன்றேகால் யூனிட். குளியலுக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவே.

சும்மா இருந்து இழப்பது எவ்வளவு என்று அறிய, என் வீட்டுக் கீசருக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் பொருத்தி, வெளியூர் போன ஒரு நாளில் குழாயைத் திறக்காமலே சுவிட்சைப் போட்டு விட்டுப் போனேன். 24 மணி நேரத்தில் 0.8 யூனிட் ஓடியிருந்தது. ஒருவரும் குளிக்காத நாளில், இருவருக்கு மேல் குளிப்பதற்குப் போதுமான மின்சாரம் சுவர் வழியே போயிருக்கிறது. என் கீசர் பழையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரையில், 24 மணி நேரத்தில் சும்மா இருக்கும்போது ஏற்படும் இழப்பு யூனிட் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து நட்சத்திரத் தொட்டியில் அது பழைய தொட்டியைவிட நன்றாகக் குறையும். புதிதாக வாங்குவோர் அந்த எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஆயினும் எந்தத் தொட்டியிலும் அது சுழியம் ஆகாது.

டைமர் பொருத்திய பின், எங்கள் வீட்டில் இரண்டு மாதக் கணக்கில் 40 யூனிட் குறைந்தது. 40 யூனிட்தானே என்று சிலர் நினைக்கலாம். நம் மாநிலத்தின் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதப் பயன்பாட்டைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழேயுள்ள படியிலும் விலை மாறிவிடுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, பின்னர் மாற்றப்பட்ட கட்டணப்படி கணக்கிட்டால், 520 யூனிட்டுக்கு 2,110 ரூபாய். 480 யூனிட்டுக்கு 1,605 ரூபாய். அதே 40 யூனிட், 505 ரூபாயாக நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் 500-ஐ ஒட்டியே வந்து தாண்டும். டைமர் வந்த பிறகு தாண்டவில்லை. இந்த எல்லைக்கு மிகவும் கீழே இருக்கும் வீடுகளுக்கு இவ்வளவு சேமிப்பு கிடைக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இனி, டைமரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பிழையைப் பற்றி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. நான் சொல்வதைக் கேட்டு என் மகள் தன் வீட்டுக் கீசருக்கு ஒரு டைமர் வாங்கிப் பொருத்தினாள். ப்ளக்கில் செருகிக்கொள்ளும் சிறிய வகை. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அவளும் பார்க்கவில்லை, விற்ற கடையிலும் சொல்லவில்லை, நானும் நேரில் போய்ப் பார்க்கத் தவறினேன். மூன்றாவது வாரம் குளியலறையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது ப்ளக்கின் கால்கள் கருகியிருந்தன. டைமரின் உள்ளே இருந்த தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஒட்டிவிட்டால், நேரம் முடிந்ததாக டைமரின் முகத்தில் தெரிந்தாலும் மின்சாரம் நிற்பதில்லை. மெயினை அணைக்க வேண்டும் என்ற அறிவு அவளுக்கு இருந்தது. வேறு எதுவும் நேரவில்லை.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும்; 3,000 வாட் ஆனால் 13 ஆம்பியர். அதுவும் ஒரு நொடி இரண்டு நொடிக்கல்ல, அரைமணி நேரம் தொடர்ந்து இழுக்கும். அலங்கார விளக்கையும் மீன் தொட்டியையும் இயக்குவதற்காகச் செய்யப்பட்ட 6 ஆம்பியர் டைமரை அங்கே போடக் கூடாது. நான் எப்போதும் சொல்வது இதுதான்: டி.பி. பாக்ஸில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியில்) பொருத்தக்கூடிய டிஜிட்டல் டைமர் ஒன்றை வாங்கி, அது 20 அல்லது 25 ஆம்பியர் காண்டாக்டரை (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சை) இயக்குமாறும், காண்டாக்டர் கீசரை இயக்குமாறும் இணைக்க வேண்டும். டைமரின் வழியே அப்போது காண்டாக்டர் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே போகும். கனமான வேலையைக் காண்டாக்டர் ஏற்றுக்கொள்ளும். மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. கீசருக்கெனத் தனியாக ஒன்று, கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் ஆகியவை இல்லாத வீட்டில் முதலில் அவற்றைச் செய்துவிட்டே டைமரைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். குளியலறைக்கு வெளியேயுள்ள 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்சையும் அகற்றிவிடக் கூடாது. டைமர் பெரும்பாலும் ஃபேஸ் என்ற ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும் என்பதால், கீசரைத் தொட்டு வேலை செய்வதற்கு முன் இரு கம்பிகளையும் துண்டிக்க அந்தச் சுவிட்சே வேண்டும்.

டைமர் ஒரு பாதுகாப்புக் கருவி அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெர்மோஸ்டாட் பழுதானால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குக் கீசரில் தெர்மல் கட்-அவுட் இருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் திறப்பதற்கு சேஃப்டி வால்வு இருக்கிறது. கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை விலக்கி ஒயரை நேராக இணைத்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கீசரில் டைமர் போட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வது பெரும் ஆபத்து.

பல்சக்கரம் சுற்றும் பழைய வகை டைமர்கள் விலை மலிவு; 15 நிமிடத்திற்கு ஒன்றாக விளிம்பில் 96 பற்கள் இருக்கும். மின்சாரம் நின்றால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும். முற்பகலில் இரண்டு மணி நேரம் பராமரிப்புக்காக மின்தடை வந்தால், மறுநாள் வெந்நீர் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். வீட்டார் டைமரைத் திட்டிவிட்டுக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகை, மின்தடையிலும் நேரம் தவறாது. நம் ஊருக்கு அதுவே ஏற்றது.

நேரம் குறிப்பதிலும் சிறிது கவனம் வேண்டும். விடிகாலையில் வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கும் தெருக்களில் 2,000 வாட் கீசர் 1,500 வாட் அளவுக்கே வேலை செய்யும். 18 நிமிட வேலைக்கு 24 நிமிடம் ஆகும். ஆகவே 15 லிட்டர் தொட்டிக்கு முதல் குளியலுக்கு அரைமணி முன்பாகவும், 25 லிட்டருக்கு முக்கால் மணி முன்பாகவும் தொடங்குவது சரியாக இருக்கும். சிக்கனம் என்று கருதித் தெர்மோஸ்டாட்டை 40 டிகிரிக்கு இறக்கி வைப்பவர்கள் உண்டு, அது நல்லதல்ல. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற நுண்கிருமி வெதுவெதுப்பான, தேங்கிய நீரில்தான் பெருகும்; 60 டிகிரியில் அழியும். நாளுக்கு ஒரு முறையாவது தொட்டி அந்த வெப்பத்தைத் தொட வேண்டும். அதே 60 டிகிரி நீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும் என்பதால், வாளியில் முதலில் குளிர்ந்த நீரைப் பிடித்துவிட்டுப் பிறகே வெந்நீரைத் திறக்க வேண்டும்.

எல்லா வகைக் கருவிக்கும் டைமர் பொருந்தாது. மூன்று லிட்டருக்கும் குறைவான தொட்டியுள்ள உடனடி கீசர், குழாயைத் திறந்த பிறகே இயக்கப்படுவது என்பதால் அதற்கு டைமரால் பயனில்லை. வாளிக்குள் வைக்கும் ராடுக்கு டைமர் போடுவதை எந்தக் காரணத்திற்காகவும் செய்யக் கூடாது. ஆள் பக்கத்தில் இல்லாமல் ராடு இயங்குவது உயிரோடு விளையாடுவதாகும். வாளியில் தண்ணீர் குறைவாக இருந்தால் ராடு பழுத்து வெடிக்கும், கசிவு இருந்தால் தண்ணீரில் கை வைத்தவரின் உயிர் போகும். மாறாக, எங்கள் ஊரில் பல மாடிகளில் காணப்படும் சூரிய வெந்நீர்க் கருவிக்கு டைமர் மிகவும் தேவை. மழைக்காலத்திற்கென அதனுள் பொருத்தப்படும் மின்சாரக் காயிலின் சுவிட்சைப் போட்டு மறந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் காயில் 100 லிட்டரைச் சூடாக்கிவிட்டால், காலையில் சூரியனுக்குச் செய்ய வேலையில்லை. 100 லிட்டரை 35 டிகிரி உயர்த்த நான்கு யூனிட்டுக்கு மேல் ஆகும். இலவசமாகக் கிடைக்க வேண்டிய நான்கு யூனிட்டை ஒவ்வோர் இரவும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வருகிறேன். ஒரு தெருவில் 50 வீடுகளின் கீசர்கள் காலை ஆறரை மணிக்கு ஒன்றாக இயங்கினால் 100 கிலோவாட். தெருமுனையில் நிற்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுத் திறனையும் கீசர்களே விழுங்கிவிடும். மோட்டாரும் மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் அதற்கு மேல். காலையில் வோல்ட்டேஜ் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டைமர் இதைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். எல்லோரும் ஐந்தரை மணிக்கே குறித்து வைத்தால், முன்பு இயல்பாகச் சிதறியிருந்த பாரம் ஒரே நொடியில் வந்து விழும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தளவாரியாகப் பதினைந்து நிமிட இடைவெளியில் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். நியூசிலாந்தில் 1950-களிலிருந்தே மின் விநியோக நிறுவனங்கள் மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பி, உச்ச நேரத்தில் வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கின்றன. தொட்டியில் சூடு தேங்கியிருப்பதால் வீட்டாருக்கு அது தெரிவதுகூட இல்லை.

நம் நாட்டிலும் அதற்கான காலம் நெருங்கியிருக்கிறது. மத்திய அரசு 2023 ஜூன் மாதம் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் கொண்டுவந்த திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளுக்கும் நேரத்திற்கேற்ற கட்டணம் வேண்டும் என்கிறது. சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கட்டணம் நம் வீடுகளுக்கு வரும்போது, காலையில் அவசரமில்லாத முதியோரும் இல்லத்தரசிகளும் தங்கள் குளியல் நேரத்திற்கேற்ப முற்பகலில் டைமரை வைத்துக்கொள்ளலாம். நல்ல காப்புறை உள்ள தொட்டியில் மாலை மூன்று மணிக்கு 60 டிகிரிக்குச் சூடாக்கிய தண்ணீர், மறுநாள் காலை ஆறு மணிக்கும் 48 டிகிரியை ஒட்டி நிற்கும்; ஒருவர் குளிக்க அது போதும். பழைய தொட்டியில் இது நடக்காது, 40 டிகிரி அளவுக்கு ஆறிவிடும். மலிவான நேரத்தில் சூடாக்கி வைத்துக்கொள்வது நல்ல தொட்டி உள்ளவருக்கே பயன்படும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கீசர் தயாரிப்போர், வைஃபையும் கைப்பேசிச் செயலியும் உள்ள விலையுயர்ந்த வகைகளில் மட்டும் நேரக் கட்டுப்பாட்டைக் கொடுக்காமல், சாதாரண 15 லிட்டர் கீசரிலும் ஓர் எளிய டைமரை உள்ளேயே வைத்துத் தர வேண்டும்; சரியான ஆம்பியர் எது என்ற குழப்பமும் என் மகள் வீட்டில் நேர்ந்தது போன்ற ஆபத்தும் அதனால் நீங்கும். புதிய வீடு கட்டுவோர், ஒயரிங் செய்யும் கட்டத்திலேயே கீசர் லைனைத் தனியாக டி.பி. பாக்ஸ் வரை கொண்டுவந்து, டைமருக்கும் காண்டாக்டருக்கும் இடம் விடுமாறு தங்கள் மின்பணியாளரிடம் சொல்ல வேண்டும். சுவரைப் பூசிய பிறகு உடைத்துச் செய்வதற்கு ஆகும் செலவு டைமரின் விலையைவிடப் பல மடங்கு என்பதால், பலர் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். குளித்து முடித்துத் தொட்டி மறுபடி சூடான பின் சப் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை முதல் குளியலுக்கு முன் மீண்டும் ஒரு முறை அந்த எண்ணைப் பார்க்கட்டும். அவருடைய தொட்டியில் என்ன எண் வருகிறது என்பதை இதே பகுதியில் அவர் எழுதினால், ஆர்வத்தோடு படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் பிரிவுப் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.